திருப்பி வைக்காத இலை

அத்தியாயம் 4

“உசிரோட இருக்கறவருக்கு இலை போட்டாப் பாவம். செத்தவருக்குப் போடாம விட்டா அதைவிடப் பாவம். எங்கப்பா இருக்காரா, இல்லையா? திங்கட்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும் மாமா.”

சொல்லிவிட்டு ருக்மணி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அவள் பேசியது முழுக்க மலாய். கம்போங் செட்டியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலாக்கா செட்டி வீட்டுப் பெண். வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. உறவுமுறைகளும் சாமி பெயர்களும்தான் இவர்களிடம் மிஞ்சியிருக்கும் தமிழ். அவள் பேசியதை எனக்குத் தெரிந்த தமிழில் போடுகிறேன். குற்றம் இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

நான் அஞ்சலை. காஜா பெராங் சாலையில், ஆ செங் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் கலியாணசுந்தரம் துப்பறியும் நிலையத்தில் தட்டச்சு, கோப்பி, வாய் மூன்றும் என் இலாகா. மூளை மட்டும் அவர் இலாகா. கலியாணசுந்தரம் போலீசில் இருபது வருஷம் இருந்தவர். மேலதிகாரியிடம் ஒரே ஒருநாள் உண்மை பேசிவிட்டு வெளியே வந்தார். கல்யாணம் பெயரில் மட்டும்தான்.

1958 ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை. மலாயா சுதந்திரம் வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. திங்கள் போகி. அன்றைக்கு இவர்கள் வீடுகளில் ‘பார்ச்சு’ என்று ஒரு படையல் நடக்கும். போய்ச் சேர்ந்த முன்னோர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பது ருக்மணி வீட்டு வழக்கம்.

நான் தாளைச் செருகினேன். “உன் வீட்டுக்காரர் பேரு?”

“தியாகு. சிங்கப்பூர்ல கப்பல் பட்டறை வேலை. மாசம் ஒரு தடவை வருவார்.”

பட்டென்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். நான் இதுவரை சொன்னதில்லை. நாற்பத்து மூன்றில் தோட்டத்து லயத்திலிருந்து ஜப்பான்காரன் அவரை லாரியில் ஏற்றி சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். ஆள் திரும்பவில்லை, சேதியும் வரவில்லை. அடையாள அட்டைக் கச்சேரியில்கூட ஒரு காகிதத்தில் எழுதித்தான் பெயரை நீட்டினேன். பதினைந்து வருஷமாகப் பொட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது கிடக்கட்டும்.

ருக்மணியின் அப்பா தம்பிராஜா காடு தெரிந்தவர். கோலாலம்பூரில் செடிகொடி ஆராய்ச்சி செய்யும் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு இலை, பூ சேகரித்துக் கொடுப்பது தொழில். சிலாங்கூர்ப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கம். அதன் பெயர் இங்கே வேண்டாம். பூமிக்குள் கரி குறைந்துபோய், பக்கத்து மலையை மேலிருந்து வெட்டப்போகிறார்கள் என்று பேச்சு. வெட்டுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன மரம், என்னென்ன மிருகம், வெட்டினால் எதெது அழியும் என்று ஒரு வருஷம் பார்த்து எழுதித் தரும் வேலை துரைக்கு வந்தது. துரை தம்பிராஜாவை அனுப்பினார். பட்டியல் பலமாக இருந்தால் மலை தப்பிக்கும் என்றும் சொல்லியிருந்தாராம்.

“பிப்ரவரியில போனார். மாசம் ஒரு பொட்டலம் மலாக்கா பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்புவார். வருஷக் கடைசியில துரை எங்க வீட்டுக்கு வந்து மொத்தமா எடுத்துக்கறதா ஏற்பாடு. சுதந்திரத்தோட துரை சீமைக்குக் கப்பல் ஏறிட்டார். பொட்டலம் மட்டும் நிக்கல.”

“நீ போய்ப் பாக்கலியா?” என்றார் கலியாணசுந்தரம்.

“வயித்துல இவன். இவனுக்கு முன்னாடி ரெண்டு தங்கல மாமா. படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவசரகாலச் சட்டத்துல அந்தக் காட்டுப் பக்கம் பாஸ் இல்லாம விடவும் மாட்டாங்க. அவர் சுரங்கத்துப் பேரேட்டுல இல்லாத ஆள், அதனால அங்க எழுதின காயிதத்துக்குப் பதிலே இல்ல. இவன் நவம்பர்ல பொறந்தான். பேரன் பொறந்திருக்கான்னு கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பினேன். வரல.” “நேத்து விடியக்காலையில வாசல்ல டிசம்பர் பொட்டலம் கெடந்துச்சு. பஸ்ல வரல. யாரோ கொண்டாந்து வச்சது. அப்பாதான்னா உள்ள ஏன் வரல? என்மேல என்ன கோவம்? அப்பா இல்லன்னா பொட்டலம் எப்படி வருது?”

கலியாணசுந்தரம் கால்மாட்டில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பதினோரு பொட்டலம். ஒவ்வொன்றிலும் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த இலைக்கொத்துகள். ஏப்ரல் பொட்டலத்தில் ஒரு தாளை எடுத்தார்.

“இதுல ஒரு இலை மட்டும் குப்புறக் கெடக்கே?”

“அது வேணும்னே வைக்கறது. முதுகுப்பக்கம் நரம்பு, ரோமம் தெரியணும். அதைப் பாத்துத்தான் மரம் என்ன ஜாதின்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல நான் ஒரு தாள்ல திருப்ப மறந்தா நங்குனு குட்டுவார்.” அவள் லேசாகச் சிரித்தாள். “ஆகஸ்டுலேருந்து குறிப்பு எழுதல. கண்ணாடி ஒடைஞ்சிடுச்சுன்னு ஜூலையில எழுதியிருந்தார். அதான் வெறும் இலையா வருது.”

குழந்தை அழ ஆரம்பித்தது. பெட்டியை விட்டுவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள். போகும்போது, “எதுவா இருந்தாலும் பரவால்ல அக்கா. தெரிஞ்சாப் போதும்,” என்று என்னிடம் சொன்னாள். இந்த வாக்கியத்தை நான் பதினைந்து வருஷமாகச் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

“அஞ்சலையம்மா, இது என்ன?”

“ஏப்ரல் மாசத்து இலை.”

“இது?”

“செப்டம்பர் மாசத்து இலை. துப்பு கெடச்சிருச்சு, கெளம்பலாமா?”

“செப்டம்பர்ல எத்தனை இலை குப்புறக் கெடக்கு?”

நான் தாள்களைப் புரட்டினேன். இருபத்தெட்டுத் தாள். ஒன்றுகூடக் குப்புற இல்லை. ஆகஸ்டில் இல்லை, அக்டோபரிலும் இல்லை. பிப்ரவரி முதல் ஜூலை வரை தாள் தவறாமல் ஒரு இலை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

“கண்ணாடி ஒடைஞ்சு போச்சாமே சார்.”

“கண்ணு போனாலும் கை மறக்காது. குட்டு வச்சுக் கத்துக்குடுத்த மனுஷன் தானே மறப்பாரா? ஆகஸ்டுலேருந்து இதை வச்சது வேற கை.”

அவர் அடுத்த தாளை எடுத்தார். தம்பிராஜாவின் மார்ச் குறிப்பு, ஆங்கில எழுத்தில் எழுதும் ரூமி மலாயில் பொடிப்பொடியாக: மரம் அறுபது அடி, பூ எட்டவில்லை, கீழே உதிர்ந்ததை எடுத்தேன். பக்கத்தில் வதங்கிய பூ. அதே மரத்தின் கொத்து நவம்பரிலும் வந்திருந்தது. ஆனால் அதில் மொட்டும் மலருமாகக் காம்போடு முழுக்கொத்து இருந்தது.

“அறுபதடி ஏறிப் பறிச்சானா?” என்றேன்.

“ஏறல. மரம் எறங்கி வந்துடுச்சு. வெட்டிச் சாச்சிருக்காங்க. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசமும் உச்சிக்கொத்துதான்.”

பொட்டலத்துக்கு ஒன்றாகச் சின்னத் துண்டுக் காகிதமும் இருந்தது. தம்பிராஜா வைத்ததில் மிருகக் கணக்கு: மான் தடம், இருவாயன் பறவை ஜோடி ஒன்று, உங்கா குரங்கு விடியலில் கூவியது ஐந்து. ஆகஸ்டில் எழுத்து இல்லை, கரித்துண்டால் இழுத்த நாலு கோடு மட்டும். செப்டம்பரில் மூன்று. அக்டோபரில் ஒன்று. நவம்பரிலும் டிசம்பரிலும் வெறும் காகிதம். அதையும் ஒழுங்காக மடித்து நடுவில் வைத்திருந்தார்கள்.

“எழுதாத காயிதத்தை எதுக்கு மெனக்கெட்டு வைக்கறான்? மறதியா?”

“தெரியல,” என்றார் கலியாணசுந்தரம். தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. “நீங்க எதாச்சும் பாக்கறீங்களா?”

கடைசி ஐந்து மாதத் தாள்களையும் பழையதையும் மேசையில் பரப்பினேன். அச்சு நேராகத் தெரியும்படி வைத்துப் பார்த்தேன். ஜூலை வரை உள்ளதில் காம்பு கீழே, நுனி மேலே. ஆகஸ்டிலிருந்து எல்லா இலையும் குறுக்கே படுத்திருந்தது. எல்லா நுனியும் ஒரே பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சார், இது பந்தி!”

“என்னது?”

“நுனி எல்லாம் இடப்பக்கம். கல்யாண வீட்ல இலை போடற மாதிரி வரிசையாப் போட்டிருக்கான். குப்புறப் போடாததும் அதனாலதான். குப்புற யாராச்சும் இலை போடுவாங்களா? எழுந்திரிச்சுப் போயிருவாங்க. கட்டியிருக்கறதைப் பாருங்க, வாழைநாரு. முடிச்சுப் போடாம முறுக்கிச் செருகியிருக்கான். இவன் சமையல்காரன். ஆயிரம் பேருக்கு இலை போட்ட கை.”

கலியாணசுந்தரம் தொப்பியை எடுத்துக்கொண்டார். “நேத்து விடிகாலை ஆள் மலாக்காவுலதான் இருந்திருக்கான். பொங்கல் வாரத்துல ஒரு வெளியூர்ச் சமையல்காரன் இங்க எங்க இருப்பான்?”

“துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் மடப்பள்ளியில. வெளியூர்லேருந்து நாலு பேரு வந்திருக்காங்கன்னு பசார்ல சொன்னாங்க. சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க.”

“மூளை என் இலாகான்னு எழுதி வச்சிருக்கீங்களே.”

“அதைத் திருத்தி அடிச்சுக்கறேன்.”

திரைஷா வண்டியில் போகும்போது நான் நிறையப் பேசினேன். தம்பிராஜாவை யார் என்ன செய்திருப்பார்கள், பட்டியலால் மலை தப்பிவிடக் கூடாது என்று நினைத்தவன் எவன், அவர் உயிரோடு இருப்பதாகக் காட்டச் சமையல்காரனை யார் அமர்த்தியிருப்பார்கள் என்று ஒரு முழு வில்லனை ஜோடித்து முடித்தேன். கலியாணசுந்தரம் மடியில் செப்டம்பர் பொட்டலத்தை வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தார்.

*

மடப்பள்ளியில் நாலு பேர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கலியாணசுந்தரம் உள்ளே நுழையுமுன் ஒரு தாளை எடுத்து, அதில் இருந்த ஒற்றை இலையைக் குப்புறக் கவிழ்த்தார். நுனியை வலப்பக்கம் திருப்பினார்.

“ஐயா, இது என்ன மரத்து இலைன்னு சொல்ல முடியுமா?” என்று முதல் ஆளிடம் நீட்டினார்.

“என்னமோ காட்டு எலை. அந்தாண்ட வைங்க, சமைக்கற எடம்.”

இரண்டாவது ஆள் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றாவது ஆள், “வைத்தியரா சார் நீங்க?” என்று கேட்டான். நாலாவது ஆள் ஒல்லி, அறுபது வயசிருக்கும். நகக்கண்ணில் எத்தனை தேய்த்தாலும் போகாத கரி. தாளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். இரண்டு கையாலும் தாளை வாங்கி மடியில் விரித்து, இலையை நிமிர்த்திப் போட்டு, நுனியை இடப்பக்கம் திருப்பி, ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டார்.

அப்புறம்தான் தன் கை என்ன செய்தது என்று அவருக்கே தெரிந்தது.

“உங்க பேரு?” என்றார் கலியாணசுந்தரம்.

“கருப்பையா.”

நான் பாய்ந்தேன். “தம்பிராஜாவை என்னய்யா பண்ணினீங்க? யாரு உன்னை அனுப்பிச்சது? அஞ்சு மாசமா ஒரு பொம்பளப்பிள்ளையை ஏமாத்தியிருக்கியே, சோறு எறங்குச்சா உனக்கு?”

“எறங்கலம்மா,” என்றார் அவர்.

நான் ஜோடித்த வில்லன் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போனான். பின்கட்டில், கிணற்றடியில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டோம்.

“சொரங்கத்து ஆளுங்க தங்கற கொங்சியில நான் சமையலு. அண்ணன் எங்கூடத்தான் தங்கியிருந்தாரு. எனக்கு மலாய் தெரியும், அவருக்குச் சோறு தெரியும், அப்படியே பழகிட்டோம். ஜூலை கடைசியில காய்ச்சலு. அஞ்சு நாளு. ஆகஸ்டு மூணாந்தேதி என் மடியிலதான் போனாரு. அவங்க வழக்கப்படி மண்ணுலதான் வச்சோம். ஆபீஸ் கெராணி வந்து, குடும்பத்துக்கு யாரு சொல்றதுன்னாரு. நான் சொல்றேன்னேன்.”

“சொல்லலியே,” என்றேன்.

“சாகறதுக்கு முன்னாடி அண்ணன்தான், எம்மக பிள்ளைத்தாச்சி, ஏற்கெனவே ரெண்டு போயிருச்சு, இதைக் கேட்டா இதுவும் தங்காது, பொறந்தப்புறம் சொல்லுன்னாரு. பொட்டலம் வரலன்னா சந்தேகப்படும்னாரு. அதான் நானே இலை வச்சேன். கண்டக்டர்கிட்ட எப்பவும் நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன், அவருக்கும் வித்தியாசம் தெரியல. எழுதப் படிக்கத் தெரியாது. பாத்த மாதிரி வச்சேன். சரியா வச்சனாம்மா?”

“அந்தக் கோடு என்ன?” என்று கலியாணசுந்தரம் கேட்டார்.

“உங்கா கொரங்கு. விடியக்காலம் மலையில கூவும். அண்ணன் எந்திரிச்சு உக்காந்து எண்ணுவாரு. நானும் எண்ணினேன். நாலு, மூணு. அக்டோபர்ல மரத்தைச் சாய்க்க ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் ஒன்னு. அதுக்கப்புறம் எதுவும் கூவல. தெனம் போய் உக்காந்து கேட்டேன். இல்லைங்கறதை எப்படி எழுதறதுன்னு தெரியல. வெறும் காயிதத்தை வச்சிட்டேன்.”

“இருவாயன் ஜோடி?”

“அது இருந்த மரமும் போயிருச்சு. ஒரு வாரம் அந்த எடத்தையே சுத்திச்சுங்க. ஒக்கார மரம் இல்ல.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “விழுந்த மரத்துக்கெல்லாம் ஒரு இலை எடுத்தேன். ஒன்னையும் விடல. எல்லாத்துக்கும் ஒன்னு வைக்கணும்னு அண்ணன் சொல்லுவாரு. எதெது போச்சுன்னு யாராச்சும் கேட்டாச் சொல்றதுக்கு.”

யாரும் கேட்கப்போவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கேட்க வேண்டிய துரை கப்பலேறிவிட்டார். பட்டியல் முடியுமுன்பே மலையும் போய்விட்டது. இதை அவரிடம் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

“கொழந்தை பொறந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது,” என்றார் கலியாணசுந்தரம்.

“பொறந்த சேதி வந்ததும் பொறப்பட்டு வந்தேன் சார். வாசல்ல நின்னேன். அந்தப் பொண்ணு கொழந்தைய வச்சுக்கிட்டு, தாத்தா வருவாரு, தாத்தா வருவாருன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. என்னால முடியல. பஸ் ஏறிட்டேன். நேத்தும் சொல்லத்தான் வந்தேன். பொட்டலத்தை வச்சிட்டு ஓடிட்டேன்.”

*

கோயிலுக்கு வெளியே கலியாணசுந்தரம் ரொம்ப நேரம் நின்றார். தெருவில் பொங்கல் கரும்பு வண்டி போய்க்கொண்டிருந்தது.

“பொங்கல் கழிஞ்சு சொல்லலாமா அஞ்சலையம்மா? மூணு நாள்தான். தலைச்சன் பிள்ளைக்கு முதல் பொங்கல். இன்னைக்குச் சொன்னா அந்த வீட்ல பானை வைக்கமாட்டாங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவரிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

“மூணு நாள் கழிச்சு, அப்புறம் மாசி மகம், அப்புறம் சித்திரை. நல்ல நாளா பாத்துத் தள்ளிக்கிட்டே போங்க. கருப்பையா அப்படித்தானே தள்ளினாரு? தெரியாம ஒக்காந்திருக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியாது சார். ஒவ்வொரு லாரி சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடியிருக்கீங்களா? என் வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன், சயாம்லேருந்து வந்து என்கிட்ட சொல்லியிருந்தா அவன் கால்ல விழுந்திருப்பேன்.”

கலியாணசுந்தரம் தொப்பியைக் கழற்றினார். “நீங்களே சொல்லுங்க,” என்றார்.

நான்தான் சொன்னேன். ருக்மணியின் வீட்டில், குழந்தை தூங்கும் தொட்டிலுக்குப் பக்கத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலாயிலேயே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கருப்பையா கதவோரம் தலை குனிந்து நின்றார்.

அவள் கத்தவில்லை. நாங்கள் திருப்பிக் கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்து ஆகஸ்டு பொட்டலத்தை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். திருப்பி வைக்காத இலைகளை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள் என்று தோன்றியது. செப்டம்பரும் அக்டோபரும் முடிந்தன. குழந்தை பிறந்த நவம்பரில் கை நின்றது.

“நான் அவரைத் திட்டினேன் அக்கா. பேரனைப் பாக்க வராத மனுஷன்னு தெனமும் திட்டினேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லித் திட்டினேன். அவர் இல்லாம போயி மூணு மாசம் ஆகியிருக்கு, நான் திட்டிக்கிட்டிருக்கேன்.”

அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். துப்பறியும் நிலையத்து ஆள் அழக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் கருப்பையாவைப் பார்த்தாள். அவர் மன்னிப்புக் கேட்கத் தயாராகக் கையைக் கூப்பியிருந்தார். அவள் மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“கடைசியா என்ன சாப்பிட்டார்?”

“கஞ்சி. ரெண்டு வாய். மிளகாய்ச் சம்பால் கேட்டாரு. காய்ச்சலுக்கு ஆகாதுன்னு நான் குடுக்கல.”

“திங்கக்கிழமை வாங்க,” என்றாள். “நான் சம்பால் வைக்கறேன். இலை நீங்க போடுங்க.”

*

திங்கட்கிழமை அந்த வீட்டில் பொங்கல் ஏற்பாடு எதுவும் இல்லை. பார்ச்சு மட்டும் வைத்தாள். கூடத்துத் தரையில் பாய் விரித்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து தியாகு இரவோடு இரவாக வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களையும் வரச் சொல்லியிருந்தாள்.

கருப்பையா இலைகளைக் கழுவித் துடைத்து வரிசையாகப் போட்டார். தாத்தாவுக்கு, பாட்டிக்கு, அம்மாவுக்கு, தங்காமல் போன இரண்டு பிள்ளைகளுக்கு. ஐந்து நுனியும் இடப்பக்கம். ஆறாவது இலையைக் கையில் எடுத்தவர் போடாமல் நின்றார். ருக்மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் குனிந்து போட்டார். தண்ணீர் தெளித்தார். பாயிலும் கொஞ்சம் சிந்தியது.

அவள் சோறு வைத்து, மீன் வைத்து, நிறையச் சம்பால் வைத்தாள். ஏப்ரல் பொட்டலத்திலிருந்து குப்புறக் கிடந்த இலை ஒன்றை எடுத்து அந்த ஆறாவது இலையின் தலைமாட்டில் வைத்தாள். பிறகு சாம்பிராணி காட்டி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியில், “தம்பிராஜா. அப்பா. வாங்க, சாப்பிடுங்க. பேரன் இருக்கான்,” என்றாள்.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தபோது கருப்பையாவின் கையில் இன்னும் ஒரு இலை இருந்தது. கணக்குத் தப்பிவிட்டாரோ என்று நினைத்தேன். ருக்மணி அதை வாங்கி, தன் அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் தானே போட்டாள்.

“மாமா சொன்னாரு அக்கா,” என்றாள்.

நான் கலியாணசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றேன். “இருக்காரோ இல்லையோ. யாரும் வந்து சொல்லல. எனக்கு யாரு சொல்றது?”

“யாரும் சொல்லப்போறதில்ல அக்கா. பதினஞ்சு வருஷம் பசியோட இருந்தா?”

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். நக்கலாக ஏதாவது சொல்லி அந்த இடத்தைக் கலைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். வாய் என் இலாகா, அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. ருக்மணி அந்த இலையில் சோறு வைத்தாள். கருப்பையா தண்ணீர் தெளித்தார். சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. லயத்தில் கடைசியாக அவருக்குப் போட்டது மரவள்ளிக்கிழங்கு, அதையும் பாதியில் விட்டுவிட்டுத்தான் லாரி ஏறினார்.

“பேரு சொல்லிக் கூப்பிடணும் அக்கா. பேரு சொன்னாத்தான் வருவாங்க.”

சாம்பிராணித் தட்டை அவள் என் கையில் கொடுத்தாள். இலைக்கு முன்னால் மண்டியிட்டேன். கலியாணசுந்தரமும் கருப்பையாவும் தியாகுவும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“பொன்னுதுரை,” என்றேன்.

முதல் தடவை சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னேன்.